ஒரு சாண் ஆழம்

எங்கள் குடிநீர்த் துறையில் யாரையாவது நிறுத்தி, உடைந்த குழாயில் தண்ணீரை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டால், வால்வைத் திருகினால் நின்றுவிடும் என்பார்கள். சரி, வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முகத்தில் ஈயாடாது. வால்வைச் சுற்றித் தரைக்கடியில் ஒரு சின்னத் தொட்டி, தொட்டிக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் இரும்பு மூடி. தெருவுக்குத் தார் போட வருகிறவர்கள் அந்த மூடியைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. அதன் மேலேயே போட்டு உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த முறை அதற்கு மேல் இன்னொரு பூச்சு. இப்படி ஊரில் பாதி மூடிகள் தாரைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன.

அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அத்தானின் வேலை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மூடிக்காரர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அக்காவைக் கட்டிக்கொண்டவர். என்னை 'சின்னவளே' என்றுதான் கூப்பிடுவார். நான் இன்ஜினியராகி அதே அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, ஆபீஸ் கேட்டுக்கு உள்ளே 'மேடம்', வெளியே 'சின்னவளே'.

அவருக்கு அதில் பெருமை. எனக்குப் பயம். உறவுக்காரருக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யார் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்ற பயம். அவருடைய லீவு விண்ணப்பத்தை மற்றவர்களுடையதைவிட இரண்டு நாள் கூடுதலாகக் கிடப்பில் போட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு பல வருஷம் தலையை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

அவர் வைத்திருந்த பழைய மெட்டல் டிடெக்டர் ஒரு நாள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. புதிது வாங்க வேண்டும். மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு மாதிரியை அனுப்பின. ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்னோடு கணக்கர் ஒருவர், ஸ்டோர்காரர் ஒருவர். மூன்று பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு மூடியைத் தேடியவர் இல்லை.

முதல் மெஷின் ராட்சதன். முறம் அகலத்துக்குத் தட்டு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய தண்டு, தோளில் மாட்டிக்கொள்ள பேட்டரிப் பை. ஐந்தடி ஆழத்தில் இருப்பதையும் கண்டுபிடிக்கும் என்று விற்க வந்தவர் மார்தட்டினார். இரண்டாவதில் ஒரு திரையும் பத்துப் பன்னிரண்டு பொத்தான்களும் இருந்தன. ஆன் செய்தால் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மூன்றாவது வெறும் கைத்தடி போல இருந்தது. ஒரே ஒரு திருகு, சின்னத் தட்டு, ஒரு கிலோ எடைகூட இருக்காது. இரண்டடிக்குக் கீழே அதற்குக் காது கேட்காது.

மதிப்பெண் பட்டியலைப் போட்டவள் நான்தான். ஆழத்துக்கு ஐம்பது, எடைக்கு இருபத்தைந்து, பயன்படுத்தும் எளிமைக்கு இருபத்தைந்து. ஆழத்துக்கு மட்டும் ஏன் ஐம்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. டேப் வைத்து அளக்கக்கூடியது அது ஒன்றுதான், அவ்வளவுதான் காரணம். அளக்க முடிந்ததற்கு நிறைய மார்க் போட்டால் நாளைக்கு யாரும் விரலை நீட்ட முடியாது இல்லையா.

ஸ்டோருக்குப் பின்னால் காலி மண்தரை இருந்தது. அங்கே நான்கு குழி தோண்டி, ஒன்று முதல் நான்கடி வரைக்கும் ஆழத்தை மாற்றி மாற்றிப் பழைய மூடிகளைப் புதைத்தோம். சுற்றி இரும்புத் துண்டு ஒன்றும் இருக்கக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆணிகளைக்கூடப் பொறுக்கி எடுக்க வைத்தேன். சோதனை சுத்தமாக இருக்க வேண்டும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தான் எதிரில் உட்கார்ந்து, தட்டில் கை வைக்காமல் தொண்டையைச் செருமினார்.

"சின்னவளே, அந்தக் குட்டி மெஷின் இருக்கே, அதை ஒரு வாரம் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர்காரர் குடுத்தார். பதினாலு மூடி எடுத்தேன். நமக்கு அது போதும்."

"அது ரெண்டடிதான் போகும் அத்தான்."

"ரெண்டடி எதுக்கு? இத்தனை வருஷத்துல ஒரு முழத்துக்குக் கீழ நான் ஒரு மூடிகூடத் தோண்டினதில்ல. தார் என்ன கிணறா, அவ்வளவு ஆழம் போக? ஒரு சாண், மிஞ்சினா ஒன்றரைச் சாண். பெரிய மெஷின் கீழ போற குழாயையே காட்டுது. குழாய் தெரு முழுக்கத்தான் போகுது. அப்புறம் மூடி எது, குழாய் எதுன்னு யாரு சொல்றது? உங்க சோதனையைத் தெருவுல ஒரு தடவை வச்சுப் பாரு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கே அது அப்போதே புரிந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. இந்தச் சின்ன மெஷினைத் தேர்ந்தெடுத்தால், அத்தான் கேட்டார், கொழுந்தியாள் வாங்கிக் கொடுத்தாள் என்று கணக்கர் டீக்கடையில் வைத்துப் பேசுவார்.

"வீட்ல ஆபீஸ் விஷயம் பேசாதீங்க அத்தான். சொல்றதா இருந்தா எழுதிக் குடுங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு ஆபீஸ் பாஷையில எழுத வருமா? அதுக்குத்தான் வீட்ல ஒரு மேடம் இருக்கியே."

அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சோதனை நாளில் ஆழத்தில் ராட்சதன் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியது. எடை பார்க்க ஸ்டோர்த் தராசில் தொங்கவிட்டோம். பேட்டரிப் பை துணைப்பொருள் என்று பட்டியலில் இருந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிறுத்தோம். எளிமைக்கு மார்க் போட ஆளுக்கு இரண்டு நிமிடம் கையில் பிடித்து நடந்தோம். ஸ்டோர் வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழேதான். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை வலிக்கவில்லை. கைத்தடி மெஷினுக்கு எளிமையில் இருபத்திரண்டு போடலாம் என்றார் ஸ்டோர்காரர். நான் பதினைந்து போட்டேன். அத்தானுக்குப் பிடித்த மெஷின் என்பதற்காக அந்த ஏழு மார்க்கைக் குறைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

'களப் பணியாளர் கருத்து' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ராட்சதன் வந்து சேர்ந்தது. அத்தான் பயிற்சி பெற்றேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். ஒரு நாளைக்கு மூன்று மூடி எடுத்தவர் இப்போது ஒன்றுதான் எடுத்தார். சாயங்காலம் அக்கா அவருடைய வலது தோளில் தைலம் தேய்த்தாள். அதைப் பற்றி என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடு என்று சொன்னவளிடம் என்ன சொல்வது?

ஏழு மாதம் கழித்து ஒரு காலை பத்தரை மணிக்கு, அச்சகங்கள் இருக்கிற தெருவில் பெரிய குழாய் வெடித்தது. அகலப்படுத்தித் தார் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விளக்குக் கம்பங்களை நகர்த்தியிருந்தார்கள், நடைமேடையை இடித்திருந்தார்கள். இந்தக் கம்பத்திலிருந்து எட்டடி, அந்த வாசல்படிக்கு நேரே என்று அத்தான் மனசுக்குள் வைத்திருந்த அடையாளம் எதுவும் அங்கே இல்லை. மெஷின்தான் கதி.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேட்டில் அத்தான் ராட்சதனைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அது நிற்காமல் ஊளையிட்டது. குழாய்க்கு ஊளை, சாக்கடைக் கம்பிக்கு ஊளை, புதுக் கம்பத்தின் அடித்தளத்துக்கு ஊளை. ஊளை பெரிதாகக் கேட்ட இடத்தில் எல்லாம் ஆட்கள் தாரை உடைத்தார்கள். நாலு இடத்தில் உடைத்தும் மூடி இல்லை. எதிரே தரைக்குக் கீழே இருந்த பைண்டிங் கடையின் படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பைண்டர் கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வருவதும் திரும்ப உள்ளே இறங்குவதுமாக இருந்தார். மேலே கொண்டு வந்ததைவிட உள்ளே நனைந்ததுதான் அதிகம்.

கூட்டம் எங்களைப் பார்த்துக் கத்தியது. என் மேலதிகாரிகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அத்தானின் வலது கை தாழ்ந்துகொண்டே போனது. மெஷின் சாய்ந்து சாய்ந்து தரையில் இடித்தது. எடை போடாமல் விட்ட அந்தப் பேட்டரிப் பை அவர் தோளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"மெஷினை ஒழுங்கா பிடிங்க! ட்ரெயினிங்ல என்ன கத்துக்கிட்டீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி மேடம்," என்றார்.

இன்னும் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு அதைக் கழற்றி ஒரு வீட்டுப் படியில் வைத்துவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு தெருவில் மண்டி போட்டார். தாரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தவழ்ந்தார். தொட்டி இருக்கிற இடத்தில் காலிப் பானையைத் தட்டியது போலச் சத்தம் வரும். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். இருபது நிமிடத்தில் ஓர் இடத்தில் கையை வைத்து, இங்கே உடைங்க என்றார். மூடி இருந்தது. ஒரு சாண் ஆழத்தில்.

குழாய் வெடித்ததிலிருந்து தண்ணீர் நிற்க மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பைண்டிங் கடை கூரை வரைக்கும் நிரம்பிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். யார் மேலாவது பழியைப் போட வேண்டும். மெஷின் சோதித்து வாங்கியது, படிவம் சரி, மார்க் சரி, பயிற்சித் தாளிலும் கையெழுத்து இருக்கிறது. மிச்சம் இருந்தது அத்தான் ஒருவர்தான். தலைமைப் பொறியாளர் அறையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். வெளியே பெஞ்சில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் புழுக்கம், கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

தலைமைப் பொறியாளர் மெதுவாகத்தான் கேட்டார். "இந்த மெஷின் தெருவுக்குச் சரிப்படாதுன்னு வாங்கறதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களாம்மா?"

அவர் எனக்குக் கதவைத் திறந்து விட்டது போலத்தான் இருந்தது. சொன்னார் சார், வெளியே உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான் சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், பதவி உயர்வு தள்ளிப் போயிருக்கும், டீக்கடையில் ஒரு மாதம் பேசியிருப்பார்கள். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும்?

"பதிவுல அப்படி எதுவும் இல்ல சார்," என்றேன்.

பொய் இல்லை. பதிவில் இல்லைதான். இல்லாமல் செய்தவள் நான். வெளியே வந்தபோது அத்தான் பெஞ்சிலிருந்து எழுந்து எனக்கு வழிவிட்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

கருவியை முறையாகக் கையாளத் தவறினார் என்று எழுதி, அத்தானைத் தெருவிலிருந்து எடுத்து பம்ப் ஹவுஸில் போட்டார்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலை. உயரத்தில் ஒரு ஜன்னல், சத்தம் நிற்காத மோட்டார் இரண்டு, ஒரு ஸ்டூல். ஊரின் ஒவ்வொரு தெருவையும் காலால் அறிந்தவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அத்தான்.

"வாங்க மேடம்," என்றார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாப்பாடு போட்டாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றாள், பிள்ளைகளை விசாரித்தாள். சண்டையே இல்லை. அதற்குப் பிறகு போனில் எல்லாம் பேசுவாள், வா என்று மட்டும் சொல்ல மாட்டாள். நான் போவதும் குறைந்தது.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அத்தானுக்குப் பதிலாகத் தெருவுக்குப் போனவர் ராட்சதனை ஒரு மாதம் சுமந்துவிட்டு, இதை வாங்கியவர்களே வந்து தூக்கட்டும் என்று ஸ்டோரில் கடாசிவிட்டார். தணிக்கைக்கு வந்தவர் அது ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டார். பதில் எழுதப் பழைய கோப்பை எடுத்தேன். அந்த வெறும் கட்டம் அப்படியே இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து, அழகாக.

அன்றைக்கு என் மேஜையில் உட்கார்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அத்தான் எச்சரித்தது, நான் ஒதுக்கியது என்று எல்லாவற்றையும் எழுதினேன், மார்க்கைக் குறைத்ததை மட்டும் விட்டுவிட்டு. அதையும் எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் அதையும் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது. அதை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா அத்தானுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை, சட்டைக்குள் கையை நுழைத்துவிட ஆள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழு மார்க் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"எப்ப குடுத்தீங்க?" என்றார்.

"இன்னும் குடுக்கல அத்தான். முதல்ல உங்ககிட்ட காட்டிட்டு..."

"எனக்கு எதுக்குக் காட்டணும்? எனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. தெரியாதவர் அங்க ஆபீஸ்லதானே உட்கார்ந்திருக்கார்."

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபமே இல்லை. அக்காதான் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. போனது போச்சு. இதைக் குடுத்தா உன் வேலைக்கு உலை வைக்கிற மாதிரி. உனக்கும் பிள்ளைங்க இருக்கு. இனிமே இவருக்கு என்ன, கையே தூக்க முடியல, தெருவுக்கா போகப் போறார்?"

அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். அக்கா அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தக் கடிதத்தைத் தலைமைப் பொறியாளர் அறைக்குக் கொண்டுபோகாமல் இங்கே கொண்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாருக்குக் கீழே கிடப்பதைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு முகத்தைப் படிக்கவா தெரியாது? எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பதினொரு நாள் கடிதம் என் பையில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில், இதற்கு மேல் இதைச் சுமந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்ற, தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய் மேஜையில் வைத்தேன். அவர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை இப்ப வச்சு நான் என்னம்மா பண்றது? அவர் போன வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுட்டாரே. விருப்ப ஓய்வு. கையெழுத்துப் போட்டதே நான்தான். ஊரைவிட்டுப் போறோம், மகன்கிட்டப் போய் இருக்கப் போறோம்னு சொன்னார். வீட்டுச் சாமானெல்லாம் ஏத்தியாச்சுன்னாங்களே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். முந்தின நாள்தான் அக்காவோடு போனில் பேசியிருந்தேன். பிள்ளைகளை விசாரித்தாள், மழை வருமா என்று கேட்டாள், சரி வைக்கட்டுமா என்றாள்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க அக்கா வீட்டுக்காரர்தானேம்மா அவர்? உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல சார்," என்றேன். "சொல்லல."